ஒன்பதாம் வாரம் ‘ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கு’ என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி, 2024 மார்ச் 3

மனைவிக்கு 9 வாரம், முதல் பிள்ளை. நேற்று ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தோம். ரெட்டை என்றார்கள். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ‘ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்’ என்றார்கள். பொங்கலுக்கு இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிய ரெட்டை வாழைப்பழத்தை இவள் தின்றதுதான் காரணம் என்கிறார் அம்மா. மாமியார் வீட்டில் உடனே கலைத்துவிடு என்கிறார்கள். நான் நினைப்பது இதுதான்: நேப்பாளக் குழந்தைகளையும் ஈரான் பெண்களையும் சிங்கப்பூரில்தானே பிரித்தார்கள்? பிறக்கட்டும், பிரித்துக்கொள்ளலாம். சரிதானே?

மார்ச் 3, இரவு 11.40

சரியில்லை தம்பி. நான் 22 வருடமாக ஸ்கேன் அறையில் இருப்பவள், டாக்டர் இல்லை, ஆகவே இங்கே எழுதுவதை எல்லாம் உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் எழுதியதில் வாழைப்பழத்தைவிட மோசமானது அந்தக் கடைசி வரி.

நேப்பாளக் குழந்தைகள் கங்கா, ஜமுனா. தலை ஒட்டியவர்கள். 2001 ஏப்ரலில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 97 மணி நேரம் அறுவை நடந்தது. பிரித்தார்கள், உண்மை. கங்கா 2009-இல் இறந்துவிட்டாள். ஈரான் பெண்கள் லாடன், லாலே பிஜானி, 29 வயது, இருவரும் சட்டம் படித்தவர்கள். 2003 ஜூலையில் ராஃபிள்ஸ் மருத்துவமனையில் இரண்டு நாளுக்கு மேல் நடந்த அறுவையில் இருவருமே உயிரிழந்தார்கள், ஒருவர் போய் ஒன்றரை மணி நேரத்தில் மற்றவர். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். சார்ஸ் ஓய்ந்து முகக்கவசத்தைக் கழற்றிய புதிது. கேண்டீன் டிவி முன்னால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் நின்றது நினைவிருக்கிறது, துப்புரவு வேலை செய்த மலாய் அம்மா, மாக்சிக் என்போம், அவர் கூட அழுதார். அடுத்த இரண்டு வாரத்தில் அதே ராஃபிள்ஸ் மருத்துவமனையில் நான்கு மாதக் கொரியக் குழந்தைகள் இரண்டு பேரைப் பிரித்தார்கள், கீழ் முதுகு ஒட்டியவர்கள், இருவரும் பிழைத்தார்கள். அது அவ்வளவாக யாருக்கும் நினைவில்லை.

இந்த மூன்று ஜோடிகளும் வேறு நாட்டில் பிறந்து, பிழைத்து, வளர்ந்து, பிறகு இங்கே வந்தவர்கள். பிழைக்காதவர்கள் விமானம் ஏறுவதில்லை. நாம் செய்தியில் பார்த்தது கதையின் கடைசிப் பகுதி, நீங்கள் இருப்பது முதல் பக்கத்தில். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதும் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 4, காலை 6.15

இரவு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பயந்து போய்க் கேட்டவரிடம் கடுகடு என்று பேசியிருக்கிறேன். வேலைக்குக் கிளம்புகிறேன், ஒன்று மட்டும்: 9 வாரத்து ஸ்கேனை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யாதீர்கள். பிறக்கட்டும் என்றும் வேண்டாம், கலை என்றும் வேண்டாம்.

மார்ச் 4, இரவு

ஏன் என்று விளக்கமாகக் கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

2013 கடைசியில் என் கூடப்பிறந்த தம்பியின் மனைவிக்கு 8 வாரம். ஒரு கிளினிக்கில் எடுத்த ஸ்கேனைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பினான் தம்பி, ‘அக்கா நீ பாரு’ என்று. பார்த்தேன். பனிக்குடம் ஒன்று, நடுவில் சவ்வு தெரியவில்லை, இரண்டு அரிசி மணிகள் முதுகோடு முதுகாக ஒட்டினாற்போல், மேலே பிரிந்து கீழே சேர்ந்து, தமிழ் ‘ப’வைக் கீழே நசுக்கினால் வருமே அந்த மாதிரி. எனக்கு அப்போது 11 வருட அனுபவம். அந்தத் திமிரில் ‘ஒட்டியிருக்குடா’ என்று பதில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு படம், அசையாத படம், அதுவும் கண்ணாடித் திரையைக் கைப்பேசியில் எடுத்த படம். அதை வைத்து.

நான்கு வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 12 வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஒன்று இந்தப் பக்கம் குட்டிக்கரணம் போட, மற்றது அந்தக் கோடியில் கை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒட்டவே இல்லை. ஒரே பனிக்குடத்தில் அடுத்தடுத்துப் படுத்திருந்தவை, அவ்வளவுதான். 8 வாரத்தில் கரு ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் நடுவில் இருக்கும் இடைவெளி திரையில் காணாமல் போய்விடும். 10 வாரத்துக்கு முன்னால் ‘ஒட்டியது’ என்று சொல்லிப் பின்னால் இல்லை என்று ஆவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூட முடியவில்லை.

அந்த இரண்டு பெண்களும் இப்போது தொடக்கநிலை 4 படிக்கிறார்கள். இரண்டும் என்னோடு ஒட்டாது, அது வேறு விஷயம்.

மார்ச் 6

வாழைப்பழத்துக்கு வருகிறேன், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஒட்டிப் பிறக்கும் இரட்டையர் ஒரே கருமுட்டையிலிருந்து வருபவர்கள். அந்த முட்டை எப்போது இரண்டாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கு ஒரு நஞ்சுக்கொடி, ஆளுக்கு ஒரு பனிக்குடம். 4-லிருந்து 8 நாளுக்குள் என்றால் நஞ்சுக்கொடி பொது, பனிக்குடம் தனித்தனி. 8-க்கும் 12-க்கும் நடுவில் என்றால் இரண்டும் பொது, என் தம்பி பெண்கள் அந்த ரகம். 13-ஐத் தாண்டினால் பிரிவு முழுதாக நடப்பதில்லை. தம்பி, உங்கள் மனைவிக்கு மார்ச் 2-இல் 9 வாரம் என்றால், கரு உண்டான நாள் பொங்கலை ஒட்டி, 13-ஆம் நாள் தைப்பூசத்தை ஒட்டி வருகிறது. ஆக, அம்மாவிடம் சொல்லுங்கள், நேரக் கணக்கு மட்டும் பார்த்தால் பொங்கல் வாழைப்பழம் மாட்டிக்கொள்ளும் போலத்தான் இருக்கிறது, ஆனால் வாழைப்பழம் கருப்பைக்குப் போவதில்லை, வயிற்றுக்குத்தான் போகிறது. நான் சின்ன வயதில் ரெட்டைப் பழமாகத் தேடித் தேடித் தின்றவள். எனக்குப் பிறந்தது ஒற்றைப் பையன்.

இது பரம்பரை இல்லை, மருந்தால் இல்லை, கோபத்தில் கத்தியதால் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கேட்டவருக்கு: அப்படித் திரும்ப வருவதாகக் கருதுவதில்லை. தற்செயல்.

இன்னொன்று. பிரியாமல் நின்றவர்களா, பிரிந்து மறுபடி ஒட்டியவர்களா என்பது மருத்துவர்களுக்குள்ளேயே பழைய சண்டை. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் பிரிவு முழுதாகவில்லை என்கின்றன, முழுதாகப் பிரிந்து பிறகு சேர்ந்தவர்கள் என்று வாதிடும் கட்சியும் உண்டு. நம் தமிழ் எதையும் யோசிக்காமல் ‘ஒட்டிப் பிறந்த’ என்று இரண்டாவது கட்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘பிரியாமல் பிறந்த’ என்றிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

மார்ச் 9

பெரிய ஆஸ்பத்திரியில் 20-ஆம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது 11 வாரம் தாண்டியிருக்கும், நல்லது. உள்ளே என்ன பார்ப்பார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டால், எங்களைப் போன்றவர்கள் பேசாமல் திரையையே முறைத்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் பதற்றம் குறையும்.

முதலில் சவ்வு. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது, ஒட்டவில்லை. ஒரு கோட்டைப் பார்த்து நான் கைதட்டியிருக்கிறேன். சவ்வு இல்லை என்றால் காத்திருப்பு. சும்மா காத்திருப்பதில்லை, ‘ஒரு மைலோ குடித்துவிட்டு நான்கு மாடி ஏறி இறங்கி வாங்க’ என்று அனுப்புவோம். குழந்தைகள் இடம் மாற வேண்டும். ஒன்று புரண்டால் மற்றது அதோடு சேர்ந்து இழுபடுகிறதா, இரண்டு தலையும் எப்போது பார்த்தாலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, எதிரெதிராகவே முகம் பார்க்கிறதா, கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கிறதா, தோல் கோடு ஒரு உடம்பிலிருந்து மற்றதுக்கு விடாமல் ஓடுகிறதா, இதெல்லாம். தொப்புள்கொடியில் வழக்கமாக மூன்று குழாய்கள், அதற்கு மேல் எண்ண முடிந்தால் அது ஒரு தடயம். இதயத் துடிப்பை இரண்டு இடத்திலும் தனித்தனியாக எண்ணுவோம். ஒன்று 158, மற்றது 164 என்றால் மூச்சு வரும். இரண்டிலும் தாளம் தப்பாமல் ஒரே எண் என்றால் மறுபடி எண்ணுவோம்.

முப்பரிமாணப் படம் கேட்காதீர்கள். அழகாக இருக்கும், உறுதி செய்வது சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படமும் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரும்தான். ஒட்டியது உறுதியானால் உள்ளுறுப்புகளை விவரமாகப் பார்ப்பது பிற்பாடு, 18, 20 வார வாக்கில் இதயத்துக்கு மட்டும் தனி ஸ்கேன், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ. சில சமயம் இதயத்தை அதற்கு முன்பே ஓரளவு பார்த்துவிட முடியும்.

மார்ச் 10

‘எங்கே ஒட்டினால் பிழைக்கும்?’ என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: எங்கே என்பதைவிட எது பொது என்பதைப் பாருங்கள். கல்லீரல் பொது என்றால் பிரிக்கலாம், அது வளரும் உறுப்பு. குடல், எலும்பு, தோல் எல்லாம் பெரிய வேலை, ஆனாலும் வேலை. மூளையிலிருந்து ரத்தம் வடியும் பெரிய சிரை பொது என்றால் ஆபத்து, பிஜானி சகோதரிகளுக்கு அதுதான் இருந்தது. இதயம் பொது என்றால் இரண்டு குழந்தைகளாகப் பிரிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவீதம் பேருக்கு இதயம் சேர்ந்திருக்கும்.

மார்ச் 11

திருத்தம். மேலே 75 என்று மொட்டையாக எழுதிவிட்டேன், படித்துவிட்டு ஒருவர் தூக்கமில்லாமல் எழுதியிருக்கிறார். அது ஒட்டிப் பிறப்பவர்கள் எல்லாருக்குமான கணக்கு இல்லை. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டியவர்களில் நான்கில் மூன்று ஜோடிக்கு இதயம் ஏதோ ஒரு விதத்தில் சேர்ந்திருக்கும். இதயத்தை மூடியிருக்கும் உறை சேர்ந்திருப்பது இன்னும் அதிகம், பத்தில் ஒன்பது. உறை மட்டும் சேர்ந்திருப்பதும் அறை சேர்ந்திருப்பதும் ஒன்றல்ல. நெஞ்சு ஒட்டுவதுதான் வகைகளில் அதிகம் வருவது, அதனால்தான் அந்த எண் என் வாயில் முதலில் வந்தது. வயிறு மட்டும் ஒட்டுவது, இடுப்பு ஒட்டுவது, முதுகின் அடி ஒட்டுவது எல்லாம் தனித்தனிக் கணக்கு. தலை ஒட்டுவது அரிது, செய்தியில் வருவது மட்டும் அதிகம்.

அப்புறம், எவ்வளவு அரிது என்று கேட்டவருக்கு: 50,000 முதல் ஒரு லட்சம் கர்ப்பத்துக்கு ஒன்று. சிங்கப்பூரில் வருடத்துக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 22 வருடத்தில் நான் உறுதியாகப் பார்த்தது இரண்டே இரண்டு.

மார்ச் 16

பிரசவத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இழையில் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், எல்லாரும் பிரிப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். பிரிப்பதற்கு முன்னால் அது வெளியே வர வேண்டும், வர வேண்டியது ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து.

நான் அறுவை அறையில் நிற்பவள் இல்லை. அங்கே 30 வருடம் தாதியாக இருந்த என் தோழியிடம் கேட்டு எழுதுகிறேன். இதற்குச் சிசேரியன்தான், நாள் நிறையும் வரை விடுவதில்லை, 35, 36 வார வாக்கில் தேதி குறிப்பார்கள், நுரையீரல் பக்குவப்படத் தாய்க்கு ஊசி போடுவார்கள். பாதிப் பேருக்குப் பனிக்குட நீர் அளவுக்கு மீறிச் சேரும், வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கும், அதனால் குறித்த தேதிக்கு முன்பே வலி வந்து ராத்திரி ஓடுவதும் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் குழந்தை அறுவைப் பிரிவு கூடவே இருக்கிறதோ அங்கேதான் பெற வேண்டும். பெற்ற பிறகு ஆம்புலன்சில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

உள்ளே இரண்டு குழந்தை டாக்டர் குழுக்கள், இரண்டு செட் குழாய்கள், ஒரு குழந்தைக்கு ஒரு நிறம். ஊசி, குழாய், நோட்டு, எல்லாவற்றிலும் அந்த நிற நாடா. ரத்த ஓட்டம் கலந்திருந்தால் ஒன்றுக்குப் போட்ட மருந்து மற்றதுக்கும் போய்ச் சேரும், யாருக்கு எவ்வளவு போனது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வயிற்றில் தோலை எப்படி வெட்டுகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. உள்ளே கருப்பையை எப்படி வெட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம். வழக்கமான சிசேரியனில் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக ஒரு வெட்டு, அது நன்றாக ஆறும். இரண்டு குழந்தைகள் ஒரே கட்டியாக வரும்போது அந்த வாசல் போதாது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒட்டிய இடம் இழுபடக் கூடாது. ஆகவே பெரும்பாலும் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வெட்டுவார்கள். ரத்தம் அதிகம் போகும். அடுத்த பிள்ளைக்கு அந்தத் தழும்பு விட்டுக்கொடுக்கும் வாய்ப்பு நூறில் 4 முதல் 9 வரை, குறுக்கு வெட்டில் அது நூறில் ஒன்றுக்கும் கீழே. அதனால் அடுத்த பிரசவத்தில் வலி வருகிற வரை காத்திருக்கவே கூடாது, அதற்கு முன்பே அறுவை செய்துவிடுவார்கள்.

அதாவது இந்தக் குழந்தைகள் ஒரு நாள் இருந்தாலும், ஒரு வருடம் இருந்தாலும், அந்த வெட்டு அவள் வாழ்நாள் முழுக்க அவளோடு இருக்கும். சீக்கிரம் கண்டுபிடிப்பதால் யாருக்கு லாபம் என்று மேலே ஒருவர் கேலியாகக் கேட்டிருந்தார். முடித்துக்கொள்வது என்று ஒரு தம்பதி முடிவு செய்தால், குழந்தைகள் சின்னதாக இருக்கும் வாரங்களில் வெட்டில்லாமல் கீழ்வழியாகவே முடியும். தள்ளிப்போடப் போட அந்த வழி அடைபடும். லாபம் அவளுக்கு.

மார்ச் 17

‘அந்தக் காலத்தில் வெட்டாமலா பெற்றார்கள்?’ பெற்றார்கள். சியாமில் மேக்லோங் ஆற்றுப் பக்கம் 1811-இல் பிறந்த சாங், எங் சகோதரர்களுக்கு ஏது சிசேரியன்? நெஞ்சுக்குக் கீழே ஒரு பட்டை போலச் சதை, அதற்குள் கல்லீரல் சேர்ந்திருந்தது. பிறகு அமெரிக்காவில் குடியேறி, அக்கா தங்கையைக் கட்டி, இரண்டு பேருக்கும் சேர்த்து 21 பிள்ளைகள், 1874 ஜனவரியில் சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். இன்றைய ஸ்கேனில் பார்த்தால் பிரிக்கலாம் என்று சொல்லக்கூடிய ரகம். அவர்கள் பிழைத்ததால் ‘சியாமிய இரட்டையர்’ என்று பேர் வந்தது. அப்படி வராமல் தாயோடு போனவர்கள் எத்தனை என்று எந்த மருத்துவச்சி எழுதி வைத்தாள்?

மார்ச் 21

கேள்வி கேட்ட தம்பி நேற்று இரவு எழுதியதை எல்லாரும் படித்திருப்பீர்கள். இந்த முறை சந்தேகமில்லை. நெஞ்சும் மேல்வயிறும் ஒட்டியிருக்கின்றன, இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள், இதயம் ஒன்று.

என் தம்பி கதையைச் சொன்னது தப்போ என்று இன்று முழுக்க யோசித்தேன். ‘அக்கா வீட்டில் சரியான மாதிரி நமக்கும் சரியாகும்’ என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருங்கள் என்று சொல்ல அந்தக் கதையைச் சொன்னேன், நீங்கள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

நம்பிக்கை இருக்கிறதா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். எல்லா வகையும் சேர்த்து, பாதிக்குக் கிட்டத்தட்ட இறந்தே பிறக்கின்றன. உயிரோடு பிறப்பவற்றில் மூன்றில் ஒரு பங்கு முதல் நாளைத் தாண்டுவதில்லை. கீழறையும் சேர்ந்து இதயம் ஒன்றாகவே இருந்தால் அந்தக் கணக்கிலும் கடைசி வரிசை. அதைச் சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர், நான் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன்.

மார்ச் 23

சட்டம் கேட்டவர்களுக்கு. சிங்கப்பூரில் கருக்கலைப்பு 24 வாரம் வரை. அதற்கு மேல் தாயின் உயிருக்கோ, உடல் மன நலத்துக்கோ கடுமையான நிரந்தரக் கேடு வருவதைத் தடுக்க உடனடியாகத் தேவை என்றால் மட்டும். முதலில் ஆலோசனை, அது கட்டாயம், பிறகு 48 மணி நேரம் பொறுத்துத்தான் கையெழுத்து. கையெழுத்து போடுபவள் கர்ப்பிணி. மாமியார் வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் அந்தத் தாளில் இடமில்லை.

தொடர்ந்து சுமக்கிறேன் என்றாலும் யாரும் துரத்த மாட்டார்கள். கருவிலிருக்கும் குழந்தைகளுக்கான டாக்டர், குழந்தை அறுவை டாக்டர், இதய டாக்டர், எல்லாரையும் ஒரே நாளில் உட்காரவைத்துப் பேசச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்வார்கள். பிறந்த பிறகு பிரிக்க வேண்டாம், வலி இல்லாமல் மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் பெற்றோரும் உண்டு, அதற்கும் திட்டம் எழுதி வைப்பார்கள்.

‘பெற்றோர் வேண்டாம் என்றால் வேண்டாம்தானே’ என்று ஒருவர். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 2000-இல் மால்டாவிலிருந்து மான்செஸ்டர் போய்ப் பெற்ற தம்பதி, கத்தோலிக்கர்கள், பிரிக்க வேண்டாம் என்றார்கள். ஒரு குழந்தையின் இதயம்தான் இரண்டையும் இயக்கிக்கொண்டிருந்தது. நீதிமன்றம் பிரிக்கலாம் என்றது, நவம்பர் 7 அன்று பிரித்தார்கள், ஒன்று பிழைத்தது, மற்றது அன்றே போனது. நான் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வருடம் ஒரு மாதிரியும் அடுத்த வருடம் வேறு மாதிரியும் நினைப்பவள். இங்கே அதை விவாதிக்க வேண்டாம், கேட்டவர் வீட்டில் இப்போது வேறு கவலை.

மார்ச் 24

நான் பார்த்த இரண்டில் முதலாவது. ஊர், வருடம் எதுவும் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் கிளம்பும்போது, ‘ஒரு படம் தர்றீங்களா’ என்று கேட்டாள். மற்ற எல்லாருக்கும் முடிந்ததும் கிழித்துக் கொடுப்போமே அது. எனக்கு மேலே இருந்தவர், இப்படிப்பட்ட நேரத்தில் கொடுக்காதே, மறக்க விடு என்பார். நானும் கருணை என்று நினைத்து, ‘பிரிண்டர் வேலை செய்யலை’ என்று பொய் சொன்னேன். பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அந்த விளக்கைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது பெண் கேட்கவில்லை, நானாக உறையில் போட்டுக் கொடுத்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 8

இன்று கிரகணமாம். அம்மா வாழைப்பழத்தை விட்டுவிட்டுக் கிரகணத்தைப் பிடித்திருக்கிறார், மருமகளை அறையை விட்டு வெளியே வரவிடவில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். அது மெக்சிகோ, அமெரிக்கா, கனடா பக்கம், நமக்கு அது நடு ராத்திரிக்கு மேல். அம்மாவிடம் சண்டை போடாதீர்கள். அவருக்கும் பேரப்பிள்ளை போகிறது, யார் மேலாவது பழியைப் போட வேண்டும், சூரியன் மேல் போட்டால் நல்லதுதானே, மருமகள் மேல் போடாமல்.

என்ன முடிவு என்று இழையில் யாரும் கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 12

தம்பி, படம் கேட்டு வாங்கிவிட்டோம், பத்திரப்படுத்த லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள், லேமினேட் மெஷினுக்குள் போனால் மொத்தமும் கரியாகிவிடும். அப்படியே வைத்தாலும் சில வருடத்தில் மங்கும். இன்றே கைப்பேசியில் இரண்டு மூன்று தடவை நேராகப் பிடித்து எடுத்து வையுங்கள், விளக்கு வெளிச்சம் மேலே விழாமல். தாளை உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், காகித உறை.